இறங்காதவன் மகன்

10-4-1987, வெள்ளி

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் என் பேரன் தவசி சைக்கிள் ஏறினான். வேலாங்குளம் சந்தைத் திடலில் சுண்ணாம்பு போட்டு வட்டம் இழுத்து, நடுவில் மூங்கில் நட்டு, உச்சியில் கொடி கட்டியிருக்கிறார்கள். அந்தக் கொடி இறங்குகிற வரைக்கும் அவன் கால் தரையில் படக் கூடாது. சோறு, தண்ணி, குளியல், சவரம் எல்லாம் சுற்றிக்கொண்டேதான். நான் வட்டத்துக்கு வெளியே நின்று தூக்குவாளியை நீட்டுவேன், அவன் போகிற போக்கில் வாங்கிக்கொள்வான். வீட்டு ஆள் யாரும் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அது எங்கள் தொழிலில் கட்டு.

இதே திடலில்தான் இவன் அப்பன், என் மகன் உக்கிரபாண்டி, ஒன்பது நாள் இறங்காமல் சுற்றினான். சுத்துப்பட்டு ஊரில் இன்னும் அதற்குப் பேச்சு இருக்கிறது. டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து எழுந்து நின்று, "இறங்காதவரைப் பெத்த தாயில்ல நீங்க" என்றார். அவன் மஞ்சக்காமாலையில் போய் ஆறு வருசம் ஆகிறது. அவன் பேர் போகவில்லை.

தவசி பத்து நாள் சுற்றுவேன் என்று மைக்கில் சொல்லிவிட்டான். அப்படிச் சொல் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அவன் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவன் அம்மா ஒச்சம்மாள் மட்டும் ஓரமாக நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மாலை போட்டு ஏறுகிற நேரத்தில் இழவு வீட்டு மூஞ்சி எதுக்குடி என்றேன். 

நான் ஐந்தாவது பாஸ். எங்கள் தெருவில் எந்தக் கிழவிக்கும் கையெழுத்துக்கூடத் தெரியாது. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. தவசிக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று பத்து நாளும் எழுதப் போகிறேன்.

11-4-1987, சனி

நல்ல வெயில். காலையில் கம்பங்கூழும் வெங்காயமும். மத்தியானம் ரசஞ்சோறு பிசைந்து உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கித் தின்றுகொண்டே மறு கையையும் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓவென்று கத்தின.

மைக் செட் ஜெபமணி வாய்க்கு ஓய்வே கொடுப்பதில்லை. "தாய்மார்களே, பெரியோர்களே, தூங்கினால் விழுவான், விழுந்தால் எழுவான், எழுந்தால் தோற்பான்! எங்கள் தவசி தூங்கவும் மாட்டான், விழவும் மாட்டான்!" இவன் எங்களோடு பல வருசமாக இருக்கிறான். உக்கிரபாண்டி காலத்தில் வேறு ஆள்.

குளிக்கவும் ஒதுங்கவும் வட்டத்தின் ஓரத்தில் தென்னந்தட்டி கட்டி மறைப்பது வழக்கம். சைக்கிள் அதற்குள் நுழைந்து சின்னதாகச் சுற்றிவிட்டு வெளியே வரும். இன்று இளைஞர் மன்றத்துச் செயலாளர் குணசீலன் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஆத்தா, தப்பா நினைக்காதீங்க. தட்டி இடுப்பு ஒசரத்துக்கு மேல வேணாம்."

"ஏம்ப்பா?"

"போன மாசம் ஒரு ஊர்ல சைக்கிள்காரன் தட்டிக்குள்ள இறங்கிப் படுத்துத் தூங்கிட்டான். அவன் சட்டைய மாட்டிக்கிட்டு வேற ஒருத்தன் சுத்தியிருக்கான். கையும் களவுமாப் பிடிச்சு அடிச்சுத் தொரத்திட்டாங்க. இங்க எங்க பயலுக முறை போட்டுக் காவல் இருப்பாங்க. உங்களச் சந்தேகப்பட்டு இல்ல ஆத்தா, உங்க குடும்பத்தத் தெரியாதா."

"வெட்டிப் போடுங்கப்பா! எங்களுக்கு எதுக்குத் தட்டி?" என்று சொல்லி, அரிவாளை வாங்கி நானே கயிற்றை அறுத்தேன். கூட்டம் கை தட்டியது. ஒச்சம்மாள் விழுந்த ஓலைகளைப் பொறுக்கி அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

12-4-1987, ஞாயிறு

சந்தை நாள். கூட்டம் தாங்கவில்லை. ஒரு மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று சுற்றினான். திருஷ்டி சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை, அவ்வளவு கண்.

13-4-1987, திங்கள்

விடியும் முன்னே இரண்டு தடவை தலை தொங்கிவிட்டதாம், காவல் பையன்கள் தகரம் தட்டி எழுப்பினார்களாம். காலையில் போய்ப் பார்த்தேன். கண் ரெண்டும் மிளகாய்ப்பழம்.

வட்டத்தில் இருப்பவனோடு ஒரு சுற்றுக்கு ஒரு பேச்சுத்தான் பேச முடியும். அவன் கேட்டுவிட்டுப் போவான். அடுத்த சுற்றில்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.

"அப்பத்தா, அப்பா எப்பிடித் தூக்கத்தச் சமாளிச்சாரு?"

போய்விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது.

"கருப்பன் பேரச் சொல்லிக்கிட்டே மிதிப்பான்யா."

அடுத்த சுற்று. "கருக்கல் நேரத்துலதான் முடியல. அப்பவும் அசரலயா?"

அடுத்த சுற்று. "இல்ல."

அடுத்த சுற்று. "கண்ணுகூட மூடலயா?"

"உங்கப்பன் ரத்தமும் சதையும் இல்லடா, இரும்பு!" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். ஐந்து வயசில் அப்பனைத் தோளில் தூக்கி ஊர்வலம் விட்டதைப் பார்த்தவன். வேறு எப்படிக் கேட்பான்.

பக்கத்தில் ஒச்சம்மாள் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். "அத்தே, நான் ஒண்ணு சொல்லவா" என்று ஆரம்பித்தாள். சொல்லாதே என்றேன். சாயங்காலம் சமையல் உப்புக் கரித்தது. அவள் மனசு அடுப்பில் இல்லை.

14-4-1987, செவ்வாய்

வருசப்பிறப்பு. வேப்பம்பூ ரசமும் மாங்காய்ப் பச்சடியும் வைத்தோம். மன்றத்தில் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, பழைய சட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கடைசிப் பித்தான் வரை போட்டான். விசில் பறந்தது.

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. செருப்பு வார் பற்றவில்லை. கத்தியால் வாரை அறுத்துவிட்டேன்.

பச்சடிக் கிண்ணத்தை வாங்கும்போது என்னைப் பார்த்து "அம்மா" என்றான். அப்புறம் அவன் அம்மாவைப் பார்த்து "அப்பத்தா, கெழவிய வெயில்ல நிக்க விடாத" என்றான். எல்லோரும் சிரித்தோம். வெயில்தான். வேறு ஒன்றுமில்லை.

15-4-1987, புதன்

காலையில் ஒச்சம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தவசி ஒன்றுக்குப் போகிற கேன்.

"அத்தே, இதப் பாருங்க. கட்டங்காப்பி கணக்கா இருக்கு."

"சூடுடி. இளநி வெட்டிக் குடு."

"நேத்துப் பூரா இளநிதான் குடிச்சான்."

"அப்ப வெந்தயத்த ஊற வச்சுக் குடு."

"டாக்டரக் கூட்டியாரச் சொல்லுங்கத்தே. அந்தக் குணசீலன்கிட்ட நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"டாக்டர் வந்தா என்ன சொல்லுவான்? இறங்கச் சொல்லுவான். அதுக்கா ஏறினான்?"

அவள் கேனை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் யாரும் பார்ப்பதற்கு முன் வாய்க்காலுக்குக் கொண்டுபோய் ஊற்றி, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தேன்.

பால்காரர் காசு வாங்க மாட்டேன் என்கிறார். சைக்கிள்காரர் குடும்பத்துக்கு எதுக்குக் காசு என்கிறார். ஊர் முழுக்க இந்த மரியாதைதான். மத்தியானம் ஒரு புள்ளத்தாச்சிப் பெண் வந்து, "உங்க மகன் மாதிரி பிள்ளை பிறக்கணும்னு திருநீறு பூசிவிடுங்க" என்று நெற்றியைக் காட்டினாள். பூசினேன். மிச்சத் திருநீற்றை என் நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் தட்டிவிட்டேன். 

16-4-1987, வியாழன்

இன்று பம்பு செட்டில் துணி துவைக்கப் போனோம். எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

தவசியின் பனியனைக் கல்லில் அடித்துக்கொண்டே ஒச்சம்மாள் சொன்னாள், "நேத்து சாயங்காலத்துல இருந்து அவன் ஒண்ணுக்கே போகலத்தே."

"வேர்வையாப் போயிருக்கும்."

அவள் அடிப்பதை நிறுத்தினாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா இறங்கிருவான்."

"என்ன வார்த்தை?"

"என்ன வார்த்தைன்னா கேக்குறீங்க? கருக்கல்ல பெட்ரோமாக்ஸ் வெளக்கத் தணிச்சது யாரு? நீங்க. தட்டிக்குள்ள சாக்கு விரிச்சது யாரு? நானு. எங்கண்ணன் அவுக சட்டைய மாட்டி, தலப்பா கட்டிச் சுத்துச்சு. அவுக விடியற மட்டும் படுத்துத் தூங்குனாக. ஒன்பது நாளும். இத அவன்கிட்டச் சொல்லுங்க."

"மெதுவாப் பேசுடி, ஆளுக வருது."

"நான் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான கல்லு மாதிரி நிக்கிறீங்க? அவன் தலையில என் கையத் தூக்கி வச்சுச் சத்தியம் வாங்குனீங்க. வாயத் தெறந்தா பிள்ளைக்கு ஆகாதுன்னீங்க. தெறக்காம இருக்கேன், இப்பவும் அவனுக்கு ஆகல. நீங்க சத்தியம் பண்ணல. நீங்க சொல்லலாம். உங்க சாமி உங்கள ஒண்ணும் கேக்காது."

"ஊர்ல தலை நிமிந்து நடக்க வேணாமா? செத்தவன் பேரக் கெடுக்கச் சொல்றியா?"

"இருக்கிறவன் இருக்கட்டும்னு சொல்றேன்."

சோப்பு நுரைக் கையோடு என் காலைப் பிடித்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நிஜமா பொய்யா என்று நான் எழுதப் போவதில்லை. அவள் அண்ணன் பம்பாய் போனவன் போனவன்தான், அவனையும் கேட்க முடியாது. கொஞ்சம் தலை சாய்த்தால்தான் என்ன? மிச்சப் பொழுதெல்லாம் மிதித்தவன் என் மகன்தானே. அதை எவன் செய்வான்.

துணி காயவில்லை. மூட்டமாக இருக்கிறது.

17-4-1987, வெள்ளி

இன்று பெரிய வெள்ளி. ஜெபமணி அவனுடைய கோயிலுக்குப் போய்விட்டான். மத்தியானம் வரை மைக் இல்லை. பாட்டு இல்லாமல் திடல் இழவு விழுந்த வீடு மாதிரி கிடந்தது. சைக்கிள் செயின் சத்தம் மட்டும் கேட்டது.  ஒரே சீராக இல்லை. ஒரு மிதி, ஒரு தேக்கம், ஒரு மிதி.

அவன் முகம் உப்பி, கண் இடுக்கிப் போயிருந்தது. கூழை நீட்டினேன். வாங்காமல் போனான். அடுத்த சுற்றிலும் வாங்கவில்லை. நான் இருப்பதே தெரியவில்லை.

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வட்டத்துக்குள் கால் வைத்தேன். காவல் பையன்கள், "ஆத்தா, ஆத்தா" என்று எழுந்தார்கள். நான் கேட்கவில்லை. அவன் கூடவே ஓடினேன். ஓட்டம் என்ன ஓட்டம், அவனும் நடக்கிற வேகத்தில்தான் மிதித்துக்கொண்டிருந்தான்.

"தவசி, அய்யா, இறங்குடா."

"அப்பத்தா, கட்டு மீறி உள்ள வந்துட்டியே, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் சொல்றதக் கேளு. உங்கப்பன் இறங்குனான்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது.

"கருக்கல்ல இறங்குவான்யா. தட்டிக்குள்ள படுப்பான். உன் தாய்மாமன் அவன் சட்டையப் போட்டுச் சுத்துவான். நான்தான் வெளக்கத் தணிப்பேன். ஒருத்தனாலயும் முடியாதுடா இது. உங்கப்பனாலயும் முடியல. நீ இறங்கு."

இவ்வளவு வருசம் ஒரு பிராணிக்கும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். இப்போது பிரேக் பிடிப்பான், என் தோளில் சாய்வான் என்று நினைத்தேன்.

அவன் சிரித்தான்.

"பாவம் அப்பத்தா நீ. என் மேல அம்புட்டுப் பாசமா? என்னை இறக்குறதுக்கு, பெத்த மகனையே கள்ளன்னு சொல்ற?"

"சத்தியம்டா. கருப்பன் மேல சத்தியம்."

"போதும். இன்னொரு தடவ சொல்லாத, எனக்குக் கோவம் வந்துரும். அப்பா காதுல விழுகப்போகுது." முன்னால் கையைக் காட்டினான். "அந்தா, முன்னாடி போறாரு பாரு. அவரத் தாண்டணும், நான்."

முன்னால் யாரும் இல்லை.

"உங்கம்மாவக் கேளுடா!" என்று கத்தினேன். அவன் ஓரத்தில் நின்ற ஒச்சம்மாளைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அம்மா! அப்பா இறங்குனாரா?" அவள் வாயைத் திறந்தாள். பிறகு ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், சொல்லடி, சொல்லடி என்று கத்தினேன். அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை வாங்கினவள் திருப்பிக் கொடுக்க முடியாது என்று எங்கள் ஜனத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

குணசீலனிடம் போனேன். நிறுத்துங்கப்பா, கொடியை இறக்குங்கப்பா என்றேன். "ஆத்தா, திங்கட்கிழம எம்.எல்.ஏ. மாலை போட வர்றாரு. உங்க பேரனே இறங்க மாட்டேங்கிறாப்ல, நாங்க எப்பிடி இறக்குறது? பாசத்துல பதறுறீங்க. நீங்க இறங்காதவரைப் பெத்தவுக, நீங்களே இப்பிடிப் பேசலாமா?" என்றார். அவன் இறங்கினான் என்று அவரிடமும் சொன்னேன். என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு பையனை விட்டுச் சோடா வாங்கி வரச் சொன்னார்.

சாயங்காலம் கூட்டம் கூடிவிட்டது. நான் மறுபடியும் உள்ளே போய் சைக்கிளுக்குக் குறுக்கே நின்றேன். இடித்தாலாவது நிற்பான் என்று. அவன் இடிக்கவில்லை. என்னைச் சுற்றி ஒடித்துத் திருப்பினான். நான் இந்தப் பக்கம் போனால் அவன் அந்தப் பக்கம் வளைந்தான். அதற்குள் கோயிலிலிருந்து ஜெபமணி வந்துவிட்டான்.

"பாருங்கள் பெரியோர்களே! எட்டாவது நாளிலும் தளராத தவசி! சொந்தப் பாட்டியையே நிறுத்தி வைத்து எட்டுப் போடுகிறான்! கை தட்டுங்கள்!"

கை தட்டினார்கள்.

18-4-1987, சனி

மத்தியானம் விழுந்துவிட்டான்.

கால் பெடலோடு விறைத்துப் பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். குணசீலன் வேன் பிடித்துக் கொடுத்தார். மதுரை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு வந்தோம். தலை ஒச்சம்மாள் மடியில், கால் என் மடியில். முழங்கால் மட்டும் மடங்கி நீண்டு மடங்கி நீண்டு வந்தது. பிடித்து வைத்தாலும் நிற்கவில்லை.

19-4-1987, ஞாயிறு

டாக்டர் சின்னப் பெண். என் பேத்தி வயசுதான் இருக்கும். தசை கரைந்து ரத்தத்தில் கலந்து ரெண்டு கிட்னியையும் அடைத்துவிட்டது என்று சொன்னாள்.

"எப்பருந்து யூரின் கலர் மாறிச்சு பாட்டி?"

தெரியலம்மா என்றேன்.

ஒச்சம்மாள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.  நானாவது சொல்லியிருக்கலாம். கேனைக் கழுவின கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மனுசன் உடம்பு இத்தன நாள் தூங்காம தாங்காதுன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

20-4-1987, திங்கள்

மருந்து ஏற்றுகிறார்கள். கண் திறக்கவில்லை. ஒச்சம்மாள் சாப்பிடவில்லை. இட்லி வாங்கி வந்தேன், அப்படியே காய்ந்துவிட்டது. பொட்டலத்தை நாய்க்குப் போட்டேன்.

21-4-1987, செவ்வாய்

குணசீலனும் நாலு பேரும் வந்தார்கள். எம்.எல்.ஏ. போட இருந்த மாலையைக் கொண்டு வந்திருந்தார்கள். வாடிப்போய் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் மாலை கொண்டு வரக் கூடாது என்று நர்ஸ் சத்தம் போட்டதால் வராந்தாவில் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார்கள்.

"கவலப்படாதீங்க ஆத்தா. எட்டு நாளுங்கிறதும் லேசு இல்ல. அவுக அப்பா அளவுக்கு வராது, அது தெய்வப் பிறவி. ஆனாலும் நம்ம தம்பியும் பேரக் காப்பாத்திட்டாப்ல" என்றார் குணசீலன்.

வாஸ்தவமாக மிதித்தவன் இங்கே கிடக்கிறான். படுத்துத் தூங்கினவன் தெய்வப் பிறவி.

"இல்லப்பா" என்றேன். "இவன்தான்..." அதற்கு மேல் வரவில்லை. அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அழவில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று இருந்தது. பெற்றவள் மார் தட்டிச் சொன்ன பொய் ஊர் முழுக்க வேர் விட்டுவிட்டது. இனி நானே வெட்டினாலும் சாயாது.

போகும்போது, "திடல்ல அப்பா, மகன் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு போர்டு வைக்கலாம்னு இருக்கோம்" என்றார். அப்பன் பேர் மேலேயும் மகன் பேர் கீழேயுமாம்.

22-4-1987, புதன்

விடிந்து கொஞ்ச நேரத்தில் தவசி கண் திறந்தான். உடம்பெல்லாம் ஊதி, யார் பிள்ளையோ மாதிரி இருந்தான். குரல் மட்டும் அவனுடையது. டாக்டர் பெண் வந்து பார்த்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டு, கண் திறந்ததை வைத்து நம்பிக்கை வைக்காதீர்கள் பாட்டி, பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒச்சம்மாள் பஞ்சால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா."

"என்னய்யா."

"வட்டத்துக்குள்ள வந்து ஒண்ணு சொன்னியே. நெசமா?"

ஒச்சம்மாள் கை நின்றது. அவன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், ஒரு சுற்று போய்விட்டு வா, சொல்கிறேன் என்று இருக்கலாம். இங்கே அவன் படுத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறான். நிஜம் என்று சொல்லலாம். இப்போது நம்பினாலும் நம்புவான். நம்பி என்ன செய்வான்? எதற்காக மிதித்தோம் என்று நினைத்துக்கொண்டு கிடப்பான். ஒரு நாளோ, ஒரு பொழுதோ.

"பொய்யிடா" என்றேன். "உன்னை இறக்குறதுக்காகச் சொன்னேன்."

"அதான பாத்தேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு மெல்லக் கண்ணை அவன் அம்மா பக்கம் திருப்பினான்.

"அம்மா, அப்பத்தா சொல்றது சரிதானா?"

இவள் போன வாரம் நிஜத்தைச் சொல்லச் சொல்லி என் காலில் விழுந்தவள். என்னை அவள் பார்க்கவில்லை. பஞ்சைத் தண்ணியில் நனைத்தாள், பிழிந்தாள், மறுபடி நனைத்தாள்.

"சரிதான்யா" என்றாள். "அப்பா இறங்கவே இல்ல."

அவன் முகம் தெளியும் என்று நினைத்துத்தான் ரெண்டு பேரும் சொன்னோம். தெளியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண் ஓரத்தில் தண்ணி இறங்கியது.

"நாந்தான் முடியாம விழுந்துட்டேன்" என்றான்.

ஒச்சம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டு நின்றாள்.